ஆளில்லாத ஊரில் மத்தியான மணி

உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, கையில் செபப் புத்தகமும் முகத்தில் பெரிய தீர்மானமுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களில் சிலர் அடுத்த மழைக்குள் ஓடிவிடுவீர்கள். யாரும் விரட்ட வேண்டியதில்லை. காலையில் மணி, மத்தியானம் மணி, சாயங்காலம் மணி, அதே செபம், அதே பத்துப் பேர், அதில் நாலு பேர் தூக்கம். அந்தச் சலிப்பே போதும். விடாமல் செய்யுங்கள் என்று உங்களுக்குப் பிரசங்கத்தில் சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் விடாமல் செய்தே நான் ஒருத்தியைக் கொல்லப் பார்த்தேன். அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி மட்டும் சொன்னால் நான் யோக்கியன் இல்லை.

நாற்பதுகளின் தொடக்கம், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தாறு வயது. ஜெயங்கொண்டத்திலிருந்து வரதராசன்பேட்டைக்குப் போகும் வழியில், முந்திரிக்காட்டுக்குள் ஒளிந்துகிடந்த ஒரு சின்ன ஊரில் என்னை உபதேசியாராக வைத்திருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் ஆட்கள், பாதிப் பேர் இந்துக் குடியானவர்கள். கோயில் என்றதும் கோபுரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். மண்சுவர், பனையோலைக் கூரை. மணிக்குப் பதிலாக ஒரு துண்டுத் தண்டவாளம் வேப்பமரத்தில் தொங்கும். கோயிலுக்கு இடம் கொடுத்தவரே பக்கத்து வீட்டு இந்துப் பெரியவர். அதனால் கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டியே அவர் வீட்டு மாட்டுக்கொட்டகை இருந்தது. நாங்கள் இந்தப் பக்கம் செபம் சொன்னால் அந்தப் பக்கம் மாடு அசைபோடும். பெரியவர் காலமான பிறகு அவர் மகனும் மருமகள் அஞ்சலையும் அங்கே குடியிருந்தார்கள்.

மத்தியான செபத்தின் முறை உங்களுக்குத் தெரியும். மாதாவின் மங்கள வார்த்தைச் செபத்தின் முதல் பாதியை உபதேசியார் சொல்லி நிறுத்த வேண்டும். மறுபாதியைச் சனங்கள் சொல்லி முடிக்க வேண்டும். மூன்று வருஷம் நான் ஒரு நாள் தவறாமல் முதல் பாதியைச் சொன்னேன். அந்த நேரத்துக்கு வருவது காட்டுவேலைக்குப் போகாத கிழவிகள்தான். அவர்களில் சவரியம்மா என்று ஒருத்தி. வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, எல்லாரையும்விட ஒரு வார்த்தை பிந்தி, எல்லாரையும்விட உரக்கப் பதில் சொல்லுவாள்.

அந்தச் சித்திரையில் வாந்திபேதி வந்தது. முதலில் போனவள் சவரியம்மா. காலையில் என்னோடு பேசிக்கொண்டிருந்தவளை அந்தி சாய்வதற்குள் புதைத்தோம். அடுத்தடுத்து இன்னும் மூன்று பேர். எங்கள் ஆட்கள் நாலு பேருக்கும் நானே நின்று குழி வெட்டினேன். ஐந்தாம் நாள் ஊரே கிளம்பிவிட்டது. நோய் வந்தால் ஊரைக் காலிசெய்து முந்திரிக்காட்டில் கீற்றுக்கொட்டகை போட்டுக்கொள்வது அங்கத்திய வழக்கம். வாசலில் இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். அன்று அஞ்சலையின் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தார். "அவ போயிட்டா" என்றார். பிணத்தைத் தூக்க யாரும் முன்வரவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நாளைக்கும் யாரும் போகவில்லை. அவர் காட்டுக் குட்டையிலேயே மொட்டை போட்டு, மூழ்கி எழுந்து, காரியத்தை முடித்துக்கொண்டார். நாலு குழி வெட்டிய என் கைக்கு ஐந்தாவது வெட்டத் தெம்பில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவள் எங்கள் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் பங்குச் சாமியார் இரண்டு மணி நேர நடைத் தூரத்தில் இருந்தார். அவரிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது. ஒரே வரி: மணி நிற்கக் கூடாது. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சாவு ஊருக்குள் தனியாக நடந்துபோய் யாருக்காக மணி அடிப்பது? ஆனால் பக்கத்துக் கொட்டகையிலிருந்த ஒரு குடியானவரே கேட்டார்.

"மத்தியான மணி அடிப்பீங்கள்ல? அது கேட்டாத்தான் ஊரு இன்னும் அங்கதான் இருக்குன்னு தோணும். இல்லாட்டி எங்களுக்குக் கஞ்சி எறங்காதுங்க."

அவர் எங்கள் வேதத்துக்காரர் இல்லை. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டே கிளம்பினேன்.

ஆளில்லாத ஊரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பாழடைந்த ஊர் வேறு, இது வேறு. எல்லாம் அப்படியே இருந்தது. கொடியில் சேலை, உரலில் பாதி இடித்த கம்பு, ஒரு வீட்டு விட்டத்தில் தூளி. காற்று வந்தால் தூளி லேசாக ஆடும். கோழி இல்லை, நாய் இல்லை. நாய்களும் சனங்களோடு போய்விட்டன. காட்டிலிருந்து முந்திரிப்பழம் விழுந்து அழுகிப் புளித்த வாடை தெருவெல்லாம் நிறைந்திருந்தது. வெயில் நேர் உச்சியில். என் நிழல் காலடியிலேயே சுருண்டுகிடந்தது. உச்சிவேளையில் தனியாகப் போகாதே, முனி ஓடும் என்று எங்கள் அம்மா சொல்லுவாள். ஞானஸ்நானம் வாங்கிய வாயால்தான் சொல்லுவாள்.

முதல் நாள் தண்டவாளத்தை அடித்து, உள்ளே போய் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். பதில் சொல்ல ஆளில்லை. மறுபாதியை நானே முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாளும் அப்படியே நிறுத்தினேன். மூச்சு எடுத்து மறுபாதியைத் தொடங்கப் போகும்போது, வடக்குச் சுவரிலிருந்து மறுபாதி வந்தது. பெண் குரல். மெதுவாக, இழுத்து, ஒரு வார்த்தை பிந்தி.

தம்பிகளே, நான் ஓடினேன். செருப்பைக் கூட எடுக்கவில்லை. காட்டுக்கு வந்த பிறகுதான் உள்ளங்காலில் ஏறியிருந்த முள்ளைப் பார்த்தேன்.

அன்று முழுக்க யோசித்தேன். என் யோசனையின் வரிசையைக் கவனியுங்கள், படித்தவன் செய்கிற தப்பு இப்படித்தான் வரும். செபத்துக்குப் பதில் சொல்வது எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லாரும் காட்டில் இருக்கிறார்கள், தலை தலையாக எண்ணிவிட்டேன். மிச்சம் இருப்பது செத்தவர்கள். வடக்குச் சுவரில் சாய்ந்து பிந்திப் பதில் சொல்கிறவள் சவரியம்மா. சாமியார் வருவதற்கு முன்பே செத்தவள், பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, கடைசிப் பூசுதல் வாங்கவில்லை. ஆகவே உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படுகிற ஆத்துமம் என்னிடம் செபம் கேட்டு வந்திருக்கிறது. கணக்கு எவ்வளவு சுத்தமாக வந்தது பாருங்கள். எனக்குப் பயம் போய்ப் பெருமையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் தீர்த்தச் செம்போடு போனேன். மணி அடித்தேன். முதல் பாதி சொன்னேன். பதில் வந்தது. வடக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி மண்டியிட்டு, மரித்தவர்களுக்கான செபங்களை ஒன்று விடாமல் சொன்னேன். செத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பின்னாலேயே வந்துவிடும் என்று சின்ன வயதுப் பயம், அதனால் பேரைச் சொல்லவில்லை. தீர்த்தத்தைச் சுவரில் தெளித்து உரக்கச் சொன்னேன்:

"அம்மா, நீ செத்துப்போயிட்டே. உனக்கு அது தெரியல. இந்த ஒலகத்துல உனக்கு இனிமே எதுவும் வேணாம், சோறு வேணாம், தண்ணி வேணாம். நிம்மதியாப் போயிடு."

நாலாம் நாள் பதில் பாதியாகத் தேய்ந்திருந்தது. வார்த்தைகளுக்கு நடுவில் நீளமான இடைவெளி. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. என் செபம் வேலை செய்கிறது, ஆத்துமம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, குரல் தூரமாகிறது! மறுபடியும் அதையே சொன்னேன். நீ செத்துப்போயிட்டே, போயிடும்மா. அன்று காட்டுக்குத் திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தேன்.

ஐந்தாம் நாள் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஈ பறக்கும் சத்தம் மட்டும். ஆத்துமம் கரையேறிவிட்டது என்று கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியாக ஒருமுறை சுவரைப் பார்த்து, "போயிட்டியாம்மா? நல்லபடியாப் போ" என்றேன்.

சுவர் பேசியது. எந்தச் செபத்திலும் இல்லாத வார்த்தை.

"எங்கங்க போறது? வாசல்ல முள்ளு கெடக்கே."

ஓடுவதற்குக் காலைத் தூக்கிவிட்டேன். தூக்கிய கால் அப்படியே நின்றது. ஆத்துமத்துக்கு முள் எதற்குத் தடை? சுவரைத் தாண்டிப் போகிறவளுக்கு வாசல் எதற்கு? அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாரமாக ஒரு பிணம் கிடக்க வேண்டும். அழுகிய பழ வாடை வந்ததே ஒழிய, பிணவாடை வரவேயில்லை.

இலந்தை முள்ளை வெறுங்கையால் இழுத்துப் போட்டேன். கையெல்லாம் கிழிந்தது. மாட்டுக்கொட்டகையில், எங்கள் சுவர் ஓரமாக அஞ்சலை கிடந்தாள். அவளை அடையாளம் தெரியவில்லை. கண் குழிக்குள் போயிருந்தது, தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு குடம். அதில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது, கை எட்டும் தூரத்திலேயே.

"தண்ணி இருக்கே, குடிக்கலியாம்மா?" என்றேன்.

"குடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். முந்தாநாள் நீங்க வேணாம்னு சொன்னீங்க. அதோட நிறுத்திட்டேன்." ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினாள். "செத்தவளுக்கு எதுக்குங்க தண்ணி?"

புருஷன் ஒரு பக்கம் காரியம் செய்து அவளை அனுப்பினார். நான் இந்தப் பக்கம் செபம் சொல்லி அனுப்பினேன். இரண்டு வேதமும் கூடி ஒரு பெண்ணைச் செத்தவளாக்கியிருந்தோம். அவள் மட்டும் நடுவில் படுத்துக்கொண்டு, யார் சொல்வதையும் மறுக்காமல், சாவதற்கு முயற்சி பண்ணிக்கொண்டிருந்தாள்.

"நீ சாகலம்மா. நான் சொன்னது தப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். "மூணு வருசமா நேரம் தப்பாம வர்ற மனுசன் நீங்க. ரெண்டு நாளாச் செத்துட்டேன்னீங்க. இன்னைக்கி இல்லேங்கிறீங்க. எதை நம்புறது?"

இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். விடாமல் ஒரு வேலையைச் செய்தால் நம் சொல்லுக்கு எடை ஏறிவிடுகிறது. நாம் தப்பாகச் சொன்னாலும் அந்த எடையோடுதான் போய் விழுகிறது. எப்போதாவது வந்துபோகிற உபதேசியார் சொல்லியிருந்தால் அவள் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடித்திருப்பாள்.

அவள் கண் செருகத் தொடங்கியது. கூடவே எடுத்து வந்திருந்த தீர்த்தச் செம்பு பக்கத்தில் இருந்தது. சாகும் தறுவாயில் இருப்பவர் சம்மதித்தால் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் கடமை. கேட்டிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள், நான் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற நிலைமை. அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் அவள் செத்துப்போனால் அந்தப் பாரம் ஆயுளுக்கும் என்மேல். ஊற்றினாலோ, பார்த்தியா, வழியனுப்புகிறார் என்று நினைத்து அப்போதே போய்விடுவாள். சர்வேசுரா, எனக்கு அந்த நேரத்தில் உம்மிடம் கேட்கக்கூட அவகாசமில்லை. செம்பை அவள் வாயில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

அவள் அடுப்பையே பற்றவைத்துக் கஞ்சி வடித்து உப்புப் போட்டேன். கொட்டாங்கச்சியில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டேன். ஒவ்வொரு சொட்டுக்கும், "அஞ்சலை, நீ உசுரோட இருக்கே" என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ஐம்பது தடவையா, நூறு தடவையா, தெரியாது. நாக்கு வறண்டுவிட்டது. செபமாலை உருட்டிப் பழகிய வாய் என்பதால் சலிக்காமல் வந்தது, அவ்வளவுதான். வெயில் சாயும் நேரத்தில் உதடு அசைந்தது. விழுங்கினாள். இன்னும் கொஞ்சம் விழுங்கினாள்.

"பசிக்குதுங்க" என்றாள்.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் பயந்துபோய், "இன்னைக்கி நானு முடிச்சுக் குடுக்கலைன்னா அழுவுறீங்க?" என்று கேட்டாள். எதை என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னாள்: "நீங்க பாதியில நிறுத்திப்புட்டு நிக்கிறீங்க. அந்தாண்ட ஆளு இல்ல. கேக்கச் சங்கடமா இருந்துச்சு. மூணு வருசமாச் சாணி அள்ளையில கேட்டதுதான, வாயில வந்துச்சு."

சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் பாவசங்கீர்த்தனமாகச் சொன்னேன். அவர் கோபக்காரர், அன்றைக்குப் பல்வலி வேறு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணிய என்ன பண்ணினே?"

"குடிக்கக் குடுத்தேன் சாமி."

"சரி" என்றார். அதைப்பற்றி அதோடு முடிந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் பாவத்துக்கான அபராதம் பாக்கி இருந்தது. "உசுரோட இருக்கிறவளச் செத்தவள்னு உரக்கச் சொன்னவன் நீ. தினமும் மத்தியான செபம் முடிஞ்சதும் அவ உசுரோட இருக்கிறத உரக்கச் சொல்லணும். ஊர் நம்புற வரைக்கும்."

ஊர் நம்பாது என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்ததோ! காட்டில் நான் சொன்னதை யாரும் நம்பவில்லை, அதுவரை நானே தினமும் போய் அவளுக்குக் கஞ்சி கொடுத்துவந்தேன். ஆனி பிறந்து எல்லாரும் திரும்பி வந்தார்கள். அஞ்சலை வாசலில் நின்றாள். அவள் வீட்டுக்காரர் தெருவிலேயே நின்று அவள் பாதம் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார். மொட்டைத் தலையில் முடி அரும்பியிருந்தது. காரியம் முடிந்தவளோடு குடித்தனம் கூடாது என்று அவர் பங்காளிகள் தடுத்துவிட்டார்கள். அவருக்கும் பயம்தான், பயத்தைவிட வெட்கம். களத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். படி நெல்லை வாசலில் வைத்துவிட்டு ஓடுவார். அவள் கிணற்றுக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுவார்கள். குழந்தைகள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சாகாமல் பிழைத்தவள் ஊருக்குள் பேயாக நடமாடிக்கொண்டிருந்தாள்.

அபராதத்தைத் தொடங்கினேன். செபம் முடிந்து ஆமென் சொன்னதும் வடக்குச் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"அஞ்சலை, இருக்கியாம்மா?"

"இருக்கேங்க."

கிழவிகள் சிரித்தார்கள். அடுத்த வாரம் முகம் சுளித்தார்கள். செபத்தில் பேயைக் கூப்பிடுகிறான் என்று ஒருத்தி சாமியாரிடம் புகார் சொல்லக் கிளம்பினாள். எனக்கும் சில நாள் வெட்கமாக இருக்கும், மெதுவாகக் கேட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றும். அபராதம் அபராதம்தான், உரக்கவே கேட்டேன். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. எப்போது என்று தெரியாது, கிழவிகள் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து எழுந்துபோக ஆரம்பித்தார்கள். புகார் சொல்லக் கிளம்பியவளே ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போய் அடுப்புக்கு நெருப்பு வாங்கி வந்தாள். நான் அஞ்சலையை ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. இதற்காக என்னைக் குறை சொன்னவர்கள் உண்டு, நீங்களும் சொல்லலாம்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம். கூரை ஒழுக, நாலே பேரோடு செபம் முடித்தேன். வழக்கம்போல் கேட்டேன். பதில் இல்லை. மழைச் சத்தம் மட்டும். கிழவிகள் என்னைப் பார்த்தார்கள். அந்த ஐந்தாம் நாள் என் நினைவுக்கு வந்தது. சுவரில் கையை வைத்துக்கொண்டு இன்னும் உரக்கக் கேட்டேன்.

"அஞ்சலை! இருக்கியாம்மா?"

அந்தப் பக்கம் யாரோ எழுந்து வரும் காலடி கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல், தூக்கம் கலைந்த எரிச்சலோடு:

"இருக்கா, இருக்கா. அடுப்படியில எனக்குச் சோறு ஆக்கிக்கிட்டு இருக்கா. சும்மா கத்தாதீங்க உபதேசியாரே."